இந்தோனேசியாவின் ‘ஒரே வரைபடம்’: யார் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது?

நீர்க்கோடு (இழையைத் தொடங்கியவர்):

இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நாம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. எரிவது யாருடைய நிலம்? தீப்புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் சில மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. நாசா தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளி எந்தத் தோட்ட நிறுவனத்தின் எல்லைக்குள் விழுகிறது என்று தேடும்போதுதான் முட்டுச்சந்து.

2015-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்கள். இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தான் மாநிலத்தில், பலங்காராயா நகரத்தில் காற்று மாசுக் குறியீடு 2,000-ஐத் தொட்டது. இங்கே 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்கிறோம். அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை எரிந்தது 26 லட்சம் ஹெக்டேர், இழப்பு 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. சுனாமிக்குப் பிறகு ஆச்சேயைத் திரும்பக் கட்டியெழுப்ப ஆன செலவைப் போல இரண்டு மடங்கு.

இனி விஷயம். 2010 கடைசியில் அதிபர் யுதயோனோவின் முன் காட்டுப் பரப்பைக் காட்டும் வரைபடங்கள் வைக்கப்பட்டன. வனத்துறை அமைச்சகத்தின் படத்துக்கும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் படத்துக்கும் பொருத்தமே இல்லை. அதே ஆண்டு மே மாதம்தான், காடழிப்பைக் குறைத்தால் 100 கோடி டாலர் தருவதாக நார்வேயுடன் உடன்பாடு ஆகியிருந்தது. காடு எவ்வளவு என்பதிலேயே இரண்டு பதில் இருந்தால், குறைத்ததை எப்படி அளப்பது? அங்கே பிறந்ததுதான் ‘சத்து பெத்தா’, அதாவது ஒரே வரைபடக் கொள்கை. குந்தோரோ மங்குசுப்ரோதோ தலைமையிலான அதிபரின் கண்காணிப்புப் பிரிவு அதை முன்னெடுத்தது. 2011-இல் புவியிடத் தகவலுக்குத் தனிச் சட்டம். 2016-இல் அடுத்த அதிபர் ஜோக்கோவி ஆட்சியில் 85 வகை வரைபடங்களை 1:50,000 அளவில் ஒன்றாக இணைக்க ஆணை. 2018 டிசம்பர் 11-இல் இணையவாசலைத் திறந்து வைத்தார்கள்.

திறந்து வைத்தார்கள் என்று சொன்னது விழாவை. யார் உள்ளே போகலாம் என்பதற்கு அதே ஆண்டு ஓர் அதிபர் ஆணை வந்தது: அதிபர், துணை அதிபர், அமைச்சர்கள், ஆளுநர்கள், மாவட்டத் தலைவர்கள், மேயர்கள். பட்டியல் அங்கே முடிந்தது. 2021-இல் கொள்கையைத் திருத்தி வரைபட வகைகளை 158 ஆக்கினார்கள், சில அடுக்குகள் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. தோட்ட நிறுவனங்களின் நில உரிமை எல்லைகள் பெயரோடு இன்னும் வெளியே வரவில்லை.

வளங்குன்றா வளர்ச்சி, திறந்த அரசு என்று மாநாடுகளில் இந்தோனேசியா முன்வரிசையில் உட்காருகிறது. திறந்த அரசுக் கூட்டமைப்பை 2011-இல் தொடங்கிய எட்டு நாடுகளில் அதுவும் ஒன்று. நிலத்தில் மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செம்பனைக்காரன்:

ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தில், அதாவது பாமாயில் எடுக்கும் பனைத் தோட்டத்தில், அலுவலக வேலை எனக்கு. எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நிறுவனத்தின் எல்லை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. இந்தோனேசியாவில் அது ஒரு கோடு அல்ல. முதலில் மாவட்டத் தலைவர், அதாவது புப்பாத்தி, இட அனுமதி கொடுப்பார். அப்புறம் தோட்டத் தொழில் உரிமம். நிலம் வனப் பகுதிக்குள் வந்தால் வனத்துறை அதை விடுவிக்க வேண்டும். கடைசியாக நில அமைச்சகம் எச்ஜியு என்கிற பயிரிடும் உரிமையைக் கொடுக்கும், முதல் தடவை 35 ஆண்டு வரை. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு நகரும். இட அனுமதியில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி கடைசியில் கைக்கு வராமலே போகலாம். கம்பத்து (கிராமத்து) மக்கள் விடமாட்டார்கள், அல்லது அதே இடத்தை ஒரு சுரங்கத்துக்கும் கொடுத்திருப்பார்கள். 2001-இல் அதிகாரம் மாவட்டங்களுக்குப் போன பிறகு இந்தக் கூத்து இன்னும் கூடிப்போனது.

இப்போது பழைய இட அனுமதிப் படத்தின் மேல் தீப்புள்ளியை வைத்து, இந்த நிறுவனம்தான் கொளுத்தியது என்று முகநூலில் போட்டால் என்ன ஆகும்? பீட் மண் வேறு. இலைதழை மட்கி மீட்டர் கணக்கில் ஆழமாகப் படிந்த மண் அது. தண்ணீரை வடித்துவிட்டால் அடியிலேயே புகைந்துகொண்டு போய் வேறிடத்தில் எழும்பும். எங்கே தொடங்கியது என்பதை எல்லைக்கோடு சொல்லாது.

இன்னொன்று. மத்தியக் கலிமந்தானில் எரியும் பெரும் பரப்பு சுகர்த்தோ காலத்து நெல் திட்டத்தின் மிச்சம். 1990-களின் நடுவில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, சதுப்பு காய்ந்துபோனது. அந்த எல்லைக்குள் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போடுவீர்கள்?

கயல்விழி:

நான்கு கோடு இருப்பதால் குழப்பம் என்றால் நான்கையும் தேதி போட்டு வெளியிடட்டுமே. ஒன்றைக்கூட வெளியிடாததால்தான் மக்கள் எங்கிருந்தோ கிடைத்த பத்து ஆண்டுப் பழைய படத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் பயப்படும் அவதூறு மூடி வைத்ததன் விளைவு சார்.

அப்புறம், இது தயக்கம் என்ற அளவில் இல்லை. 2008-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம் அங்கே நம் தகவல் உரிமைச் சட்டம் மாதிரி. அதன்படி ஃபாரஸ்ட் வாட்ச் இந்தோனேசியா என்ற அமைப்பு கலிமந்தான் செம்பனைத் தோட்டங்களின் எச்ஜியு ஆவணங்களைக் கேட்டது. உரிமையாளர் பெயர், இடம், பரப்பு, பயிர், ஆயத்தொலைவுகளோடு வரைபடம். அமைச்சகம் மறுத்தது. 2016-இல் மத்தியத் தகவல் ஆணையம் கொடு என்றது, நிர்வாக நீதிமன்றமும் கொடு என்றது, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதற்குப் பிறகும் ஆவணம் வரவில்லை. கட்டண விதி இல்லை என்றார்கள், தனியுரிமை என்றார்கள், 2019-இல் பாமாயில் தொழிலைப் பாதுகாக்க வேண்டும் என்றே நேராகச் சொன்னார்கள். அதே ஆண்டு பொருளாதார ஒருங்கிணைப்பு அமைச்சகத்திலிருந்து தோட்டத் தொழில்துறைக்கு, இந்தத் தகவலை வெளியே கொடுக்காதீர்கள் என்று கடிதமே போனது.

உச்ச நீதிமன்றம் சொல்லியும் ஒரு அமைச்சகம் அசையவில்லை என்றால் சிக்கல் ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபடக் கோப்பில் இல்லை.

இதற்கு நம் பக்கத்து அரசாங்கங்களும் உடந்தை. 2013 புகைமூட்டத்தில் சிங்கப்பூரின் குறியீடு 401-க்குப் போன பிறகு, அக்டோபரில் ஆசியான் தலைவர்கள் கூட்டுக் கண்காணிப்பு முறைக்கு ஒப்புக்கொண்டார்கள். வரைபடங்களைப் பகிர்வார்களாம், ஆனால் அரசுக்கும் அரசுக்கும் நடுவில் மட்டும். புகையைச் சுவாசிக்கும் நாம் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

புள்ளிவிவரத் தாத்தா:

நிலத்தோடு நிறுத்தாதீர்கள். புள்ளியியல் துறையில் காலம் தள்ளியவன், எனக்கு இந்தோனேசியா என்றால் அரிசிக் கணக்குதான் நினைவுக்கு வரும். பசி ஒழிப்பு, நீடித்த வேளாண்மை என்று ஐ.நா. இலக்குகளில் எழுதுகிறார்களே, அதன் அடியில் இருக்கும் எண் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

பல்லாண்டு காலம் அங்கே நெல் பரப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள். வேளாண் அலுவலர் வரப்பில் நின்று இது இத்தனை ஹெக்டேர் இருக்கும் என்று எழுதிக்கொள்வார். வயல்கள் வீட்டுமனையாகிக்கொண்டே இருக்க, கணக்கில் மட்டும் பரப்பு ஏறிக்கொண்டே போனது. யாருக்கும் குறைத்து எழுத மனசு வராது, குறைத்தால் உர மானியம் குறையும், மேலதிகாரி கேள்வி கேட்பார். ஒரு கட்டத்தில் பிபிஎஸ், அதாவது அவர்களுடைய மத்தியப் புள்ளியியல் நிறுவனம், இந்த எண்ணை நம்ப முடியாது என்று அரிசி உற்பத்திக் கணக்கு வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

அப்புறம் புது முறை கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் நெல்வயல் எது என்று முதலில் பிரித்துக்கொள்வது. அதில் 300 மீட்டருக்கு 300 மீட்டர் கட்டங்களை மாதிரியாக எடுப்பது. ஒவ்வொரு மாதமும் கடைசி ஏழு நாளில் களப்பணியாளர் அதே இடத்துக்குப் போய், பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது. வேறு இடத்தில் நின்று எடுத்தால் செயலி ஏற்காது.

2018 அக்டோபரில் முடிவு வந்தது. அந்த ஆண்டு அரிசி சுமார் 3.24 கோடி டன். வேளாண் அமைச்சகம் சொல்லிக்கொண்டிருந்தது 4.65 கோடி டன்! ஒரு நாட்டின் அரிசியில் 1.4 கோடி டன் காகிதத்தில் மட்டும் விளைந்திருக்கிறது. 1997-லிருந்தே கணக்கு பிழை என்று துணை அதிபர் யூசுப் கல்லா பகிரங்கமாகச் சொன்னார். நாட்டில் மிதமிஞ்சி அரிசி இருக்கும்போது ஏன் இறக்குமதி என்று அமைச்சர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டதன் மர்மமும் அன்று தெரிந்தது.

நான் சொல்ல வருவது, தரவைத் திற என்று கேட்பதற்கு முன் அதை யார், எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள் பிள்ளைகளே. பொய்க் கணக்கை எக்செல் கோப்பாக வெளியிட்டால் அது திறந்த பொய்க் கணக்கு.

இரவுப்பறவை:

தாத்தாவுக்கு ஒரு வணக்கம். என் சந்தேகம் இன்னும் அடிப்படையானது. தரவு திறப்பதால் மரம் நிற்கிறதா?

2011-இல் முதன்மைக் காட்டிலும் (வெட்டப்படாத இயற்கைக் காடு) பீட் நிலத்திலும் புதிய அனுமதிகளுக்குத் தடை கொண்டுவந்தபோது அந்தத் தடை வரைபடத்தை இணையத்தில் போட்டார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் எல்லை மாறியது, சில இடங்கள் கழன்றுபோயின. எல்லாரும் பார்க்கப் பார்க்கத்தான் நடந்தது. 2015 தீயும் அந்த வரைபடம் இணையத்தில் இருந்தபோதுதான். 2016-க்குப் பிறகு முதன்மைக் காடு அழியும் வேகம் வெகுவாகக் குறைந்தது உண்மை. அதற்குப் பாமாயில் விலை சரிந்ததும், பீட் நில விதிகள் இறுகியதும், சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததும் காரணம். இதில் திறந்த தரவின் பங்கு எத்தனை விழுக்காடு என்று யாராவது பிரித்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்:

பாமாயில் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குப் பழைய இழை ஒன்று இருக்கிறது, சமையல் குறிப்போடு. அங்கே போகவும். நான்கு பின்னூட்டங்கள் நகர்த்தப்பட்டன.

கயல்விழி:

விழுக்காடு என்னிடம் இல்லை. ஆனால் தரவு கையில் இருந்தால் யாருக்குச் சங்கடம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019 தீயில் அரசு ஒரு கட்டத்தில் சொன்ன கணக்கு 9.4 லட்சம் ஹெக்டேர். போகோரில் தலைமையகம் கொண்ட சிஃபோர் ஆய்வு மையத்திலிருந்து, பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்து 16 லட்சம் ஹெக்டேர் என்று ஒரு மதிப்பீடு வந்தது. பிறகு மையம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மதிப்பிட்ட பிரெஞ்சு ஆய்வாளர் 2020 ஜனவரியில் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார், வீசா மீறல் என்று காரணம். கடைசியில் ஆண்டு முழுவதற்கும் அரசே வெளியிட்ட எண் எவ்வளவு தெரியுமா? சுமார் 16.5 லட்சம் ஹெக்டேர்.

பயனே இல்லாத ஒன்றுக்கு யாரும் இவ்வளவு பதற மாட்டார்கள்.

தீவுக்குருவி:

ஜகார்த்தாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் காட்டிலேயே நிற்கிறீர்கள், நகரத்துக்கு வாருங்கள்.

இங்கே வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் திறப்பது தொலைக்காட்சியை அல்ல, பெத்தா பெஞ்சானா என்ற பேரிடர் வரைபடத் தளத்தை. ட்விட்டரில் (இப்போதைய எக்ஸ்) யாராவது வெள்ளம் என்று எழுதினால் ஒரு தானியங்கி அவரிடம் இடத்தையும் படத்தையும் கேட்டு வாங்கி வரைபடத்தில் போட்டுவிடும். பேரிடர் மேலாண்மை அலுவலகமும் அதே படத்தைப் பார்த்துத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைக்கிறது. மென்பொருள் திறந்த மூலம், தரவும் திறந்தது. 2020 புத்தாண்டு அன்று ஹாலிம் விமான நிலையத்தில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று பார்க்க நகரமே அந்தத் தளத்தில்தான் இருந்தது.

இதற்கு அடித்தளம் போட்டது இன்னும் சுவாரசியம். 2012-இல் நகரத்தின் 267 கெலுராகான்களிலிருந்தும், நம் வார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் பக்கத்தில் இருந்து உதவ, அவரவர் பகுதியின் பள்ளி, மருத்துவமனை, மசூதி, உள் எல்லைகள் எல்லாவற்றையும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். அதற்கு முன் வெள்ள அறிக்கையில் எந்தப் பகுதியில் தண்ணீர் என்பது பட்டியலாகத்தான் வரும், வரைபடத்தில் போட எல்லையே கிடையாது. இப்போது அரசு, தொண்டு நிறுவனம், என்னை மாதிரி மென்பொருள்காரன் எல்லாரும் ஒரே அடிப்படத்தின் மேல் வேலை செய்கிறோம்.

இரவுப்பறவைக்கு என் பதில் இதுதான். வெள்ளத் தரவு திறந்ததும் அன்று மாலையே ஒருவர் வேறு வழியில் வீட்டுக்குப் போகிறார். காட்டுத் தரவுக்கு அப்படி உடனடிப் பலன் கிடையாது, அதனால் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்க முடியாது.

இரவுப்பறவை:

ஏற்கிறேன். ஆனால் கவனித்தீர்களா, வெள்ள வரைபடத்தால் எந்தப் பணக்காரருக்கும் நட்டமில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாகத் திறந்தார்கள்.

தீவுக்குருவி:

பாதி சரி. மீன்பிடியில் அப்படி நடக்கவில்லையே. 2017 ஜூனில் கடல்வள அமைச்சர் சூசி புஜியாஸ்துத்தி, நாட்டின் பெரிய மீன்பிடிக் கப்பல்களின் கண்காணிப்புத் தரவை குளோபல் ஃபிஷிங் வாட்ச் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி கொடுத்தார். அரசு தன் கையில் இருந்த கப்பல் தரவை இப்படி வெளியிட்டது உலகத்திலேயே முதல் தடவை. அதில் கப்பல் முதலாளிகளுக்கு நட்டம் இருந்தது, முணுமுணுத்தார்கள், ஆனாலும் நடந்தது. திருட்டு மீன்பிடியில் பிடிபட்ட கப்பல்களைக் கடலில் மூழ்கடித்த அமைச்சர் அவர். ஆள் துணிந்தால் முடிகிறது.

நீர்க்கோடு:

நல்ல விவாதம். யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. அதில் என் நிலைப்பாடு உறுதியானது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரே வரைபடத்தில் யாருடைய கோடு வருகிறது? அமைச்சகங்கள் வைத்திருக்கும் கோடுகள் வருகின்றன. ஊர் மக்களிடம் இருக்கும் கோடு? 2013 மே 16-இல் இந்தோனேசிய அரசமைப்பு நீதிமன்றம், மரபுச் சமூகங்களின் காடு அரசின் காடு அல்ல என்று தீர்ப்பளித்தது. அமான் என்கிற ஆதிக்குடிகள் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு அது. பிறகு என்ன, ஊர்க்காரர்களே ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு மூதாதையர் இடுகாடு, துரியான் தோப்பு, ஆற்று வளைவு என்று அடையாளம் வைத்து எல்லை குறித்தார்கள். பிஆர்டபிள்யூஏ என்ற பதிவு அமைப்பு அவற்றைத் திரட்டுகிறது. இன்று அங்கே பதிவானது 2 கோடி ஹெக்டேருக்கும் மேல். 2016 டிசம்பரில் அதிபர் முதல்முறையாக மரபுக் காடு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தது ஒன்பது சமூகங்களுக்கு, மொத்தம் 13,000 ஹெக்டேர் அளவு. தெற்கு சுலாவேசியின் அம்மாதோவா காஜாங் மக்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு கூடியிருக்கிறது, ஆனால் பதிவானதற்கும் ஏற்கப்பட்டதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இன்றும் மலைக்கவைக்கிறது.

அரசின் வாதம், மாவட்ட அரசு முதலில் சமூகத்தை அங்கீகரித்து ஆணை போட வேண்டும், அதன் பிறகே வரைபடத்தில் ஏற்ற முடியும் என்பது. மாவட்ட அரசோ அதே நிலத்தில் ஏற்கெனவே தோட்டத்துக்கு அனுமதி கொடுத்திருக்கும்.

2019 வாக்கில் அரசே ஒரே வரைபடத்தை வைத்துப் பார்த்தபோது, 7.7 கோடி ஹெக்டேர், நாட்டின் நிலத்தில் சுமார் 40 விழுக்காடு, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடப்பது தெரிந்தது. பின்னால் அதை 5.7 கோடியாகக் குறைத்துவிட்டோம் என்றார்கள். சரி, அந்த 2 கோடி ஹெக்டேரில் எந்தக் கோடு தங்கியது, எந்தக் கோடு அழிந்தது? ஊரா, தோட்டமா, வனத்துறையா? இதைப் பொதுவில் பார்த்துச் சரிபார்க்க வழி இல்லை. மூடிய வரைபடத்தால் வரும் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். தீயை யார் வைத்தது என்பதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தீ அணைந்துவிடும், இந்தக் கோடு 35 ஆண்டு இருக்கும்.

புள்ளிவிவரத் தாத்தா:

ஊர் மக்கள் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. இடுகாடு எங்கே, அகில் மரம் எங்கே என்று ஆயத்தொலைவோடு இணையத்தில் போட்டால் முதலில் வந்து நிற்பவன் திருடனாக இருப்பான்.

நீர்க்கோடு:

அதுவும் உண்மைதான் ஐயா. எந்த அடுக்கைக் காட்டுவது என்று அந்தந்தச் சமூகம்தான் முடிவு செய்ய வேண்டும். வெளி எல்லை பொதுவில், உள் விவரம் அவர்கள் கையில் என்பது நியாயமாகப் படுகிறது. பொது நிலத்தை 35 ஆண்டு குத்தகைக்கு எடுத்த நிறுவனத்துக்கு அதே அந்தரங்கம் பொருந்தாது.

செம்பனைக்காரன்:

இந்தக் கடைசி வரியில் எனக்கும் மறுப்பில்லை.

ஒன்று சொல்கிறேன், ஐரோப்பா இதை வேறு வாசல் வழியாகத் திறக்கிறது. 2023-இல் அவர்கள் கொண்டுவந்த காடழிப்பு விதிப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த பாமாயில் உள்ளே போக முடியாது. விளைந்த நிலத்தின் ஆயத்தொலைவைக் கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும் பெரிய நிறுவனங்கள் எப்போதோ தயாராகிவிட்டன, அவர்களிடம் ஆள் இருக்கிறது, டிரோன் இருக்கிறது.

மாட்டிக்கொள்வது சிறு தோட்டக்காரர். இந்தோனேசியச் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு அவர்களுடையது. சிறு தோட்டத்தைப் பதிவு செய்ய எஸ்டிடிபி என்று ஒரு சான்று உண்டு, மாவட்ட அலுவலகத்தில் வாங்க வேண்டும். சுமத்ரா தீவின் ரியாவிலோ ஜம்பியிலோ இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவர் பலரிடம் அது கிடையாது. பாதி நிலம் வரைபடத்தில் இன்னும் வனப் பகுதி என்று இருக்கும். கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து அவர் தாத்தா அங்கேதான் இருந்தார் என்பது எந்த அடுக்கிலும் இல்லை. இடைத்தரகர் குலையை ஆலைக்கு ஏற்றுகிறார், ஆலை கலந்து பிழிகிறது. எந்த எண்ணெய் எவர் நிலத்தது?

கயல்விழி:

அந்த ஆயத்தொலைவுகள் இறக்குமதியாளருக்கும் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும்தான் போகும், அல்லவா? ராட்டர்டாமில் இருக்கும் வியாபாரி பார்க்கலாம், தோட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் பார்க்க முடியாது.

எல்லை தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பெயர்ப்பலகை நிறுவனத்தின் பின்னால் இருக்கும் உண்மை உரிமையாளரை அறிவிக்க வேண்டும் என்று 2018-இலேயே 13-ஆம் எண் அதிபர் ஒழுங்குமுறை வந்துவிட்டது. நிறுவனங்கள் தாமே நிரப்பிக் கொடுப்பதுதான் அந்தப் படிவம், அதைச் சரிபார்ப்பவர் யார் என்பது அடுத்த இழைக்கு.

வாசகன்_புதுசு:

முதுகலை ஆய்வுக்கு ரியாவ் பற்றி எழுத வேண்டும். எந்தத் தரவு உண்மையில் தரவிறக்க முடிகிறது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நீர்க்கோடு:

நிலப்பட அடிப்படை, ஆறு, சாலை, நிர்வாக எல்லை எல்லாம் அரசின் இனா-ஜியோபோர்ட்டல் தளத்தில் கணக்கு தொடங்கினால் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாகக் கிடைக்கும், காசு இல்லை. தீப்புள்ளிக்கு வனத்துறையின் சிபொங்கி தளம், ஒப்பிட நாசாவின் ஃபர்ம்ஸ். அரிசி, மக்கள்தொகை, வறுமை பிபிஎஸ் தளத்தில், மாவட்ட வாரியாக. நில அமைச்சகத்தின் பூமி என்ற தளத்தில் நிலத்துண்டுகள் தெரியும், உரிமையின் வகை தெரியும், உரிமையாளர் பெயர் வராது. செம்பனை நிறுவன எல்லை வேண்டுமானால் ஆர்எஸ்பிஓ என்ற பாமாயில் சான்றிதழ் அமைப்பின் உறுப்பினர்களுடையதை அவர்கள் தளத்தில் பார்க்கலாம், உறுப்பினர் அல்லாதவருடையது அங்கே இருக்காது. குளோபல் ஃபாரஸ்ட் வாட்சில் ஒரு தோட்ட அடுக்கு இருக்கிறது, அது எந்த ஆண்டுத் தகவல் என்று குறிப்பைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

2024 அக்டோபரில் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் பழைய இணைப்பு திறக்கவில்லை என்றால் புது வனத்துறை முகவரியில் தேடுங்கள். எடுத்த கோப்பை எடுத்த தேதியோடு சேமித்து வையுங்கள், அடுத்த மாதம் அதே அடுக்கு அங்கே இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

வாசகன்_புதுசு:

நன்றி அண்ணா. எச்ஜியு ஆவணத்துக்கு நான் தனியாக மனு போட்டால் கிடைக்குமா?

கயல்விழி:

மனு போடுவதற்கு அங்கே குடியுரிமை வேண்டும், உள்ளூர் நண்பர் யாராவது இருந்தால் அவர் பெயரில் போடச் சொல்லுங்கள். முதல் பதிலுக்கு பத்து வேலை நாள், மேலும் ஏழு நாள் நீட்டிக்கலாம். மறுப்பு வந்தால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தகவல் ஆணையத்துக்குப் போக அது வேண்டும்.